பூம்வாக்கர்ஸ் வண்ணக் குழாய்கள்: பாட்டு விளையாட்டு வகுப்புக்கு வாங்கலாமா?

நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பாட்டு வழியாகச் சுருதியும் தாளமும் சொல்லித்தரும் ஆசிரியர்கள், வகுப்புக்கு என்ன வாங்கலாம் என்று தேடினால் வண்ண வண்ணமான பிளாஸ்டிக் குழாய்கள் கண்ணில் படாமல் போகாது. கையிலோ தொடையிலோ தட்டினால் ஒரு ஸ்வரம் கேட்கும். அமெரிக்காவில் கிரெய்க் ராம்செல் என்பவர் 1990-களில் உருவாக்கியது, பெயர் பூம்வாக்கர்ஸ். இப்போது இதே மாதிரியில் வேறு பெயர்களிலும் குழாய்கள் வருகின்றன. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறு குழாய் கொண்ட பென்டடானிக் (ஐந்து ஸ்வர) செட் இரண்டு, குழாய் முனையில் மாட்டும் மூடிகள் ஒரு பாக்கெட், கூடவே ஒரு சுருதிப்பெட்டி. இவ்வளவு இருந்தால் முப்பத்தாறு பிள்ளைகள் வரை நல்ல வகுப்பு நடத்தலாம். எல்லாரும் வாங்கும் எட்டுக் குழாய் செட் ஒன்றை மட்டும் வாங்கி, யூட்யூபில் வண்ணப் பொட்டு ஓடும் வீடியோவைப் போட்டுத் தட்டவைப்பதாக இருந்தால் காசு வீண். பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள், தட்டுவார்கள், ஒருவரும் பாடமாட்டார்கள்.

என்னென்ன செட் உண்டு என்பதைப் பார்த்துவிடுவோம். டயடானிக் செட்டில் எட்டுக் குழாய்: ஒரு கட்டை ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை, ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள். சிவப்பு ஸ, ஆரஞ்சு ரி, மஞ்சள் க, இளம்பச்சை ம, அடர்பச்சை ப, ஊதா த, இளஞ்சிவப்பு நி, குட்டைச் சிவப்பு மேல் ஸ. நம் கணக்கில் சங்கராபரணம். இதில் ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மோகனம். அந்த ஆறு குழாய்தான் பென்டடானிக் செட். கறுப்புக் கட்டைகளுக்கு ஐந்து குழாய் செட் தனியாக உண்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைக் குழாயில் தட்டவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அதிலிருந்து சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் தேவைப்படும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஸ-வுக்கும் சுத்த ரிக்கும் உள்ள அரை ஸ்வர இடைவெளியைத் தொண்டையில் பிடிப்பதே அந்த வயதில் கஷ்டம். ஒருவர் பாட இன்னொருவர் தட்ட, இரண்டும் உரசும்போது யார் தப்பு என்றே தெரியாது.

அரை ஸ்வரமே இல்லாத ஐந்து ஸ்வரத்தில் தொடங்குவது புதிய யோசனை இல்லை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாய் வழியில் வந்தவர்கள் குழந்தைகளை முதலில் பாடவைப்பது இறங்கும் ஒரு சின்ன இடைவெளியை: மோகனத்தில் சொன்னால் ப-விலிருந்து க-வுக்கு. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கேட்மன் இருவரும் 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட பாடத்திட்டமும் ஐந்து ஸ்வரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்த வழியில் வேண்டாத பட்டைகளைச் சைலஃபோனிலிருந்து கழற்றி வைத்துவிடுவார்கள். காரணம் எளிது. மோகனத்தின் ஐந்து ஸ்வரத்தில் எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதை அறுக்காது. பன்னிரண்டு பிள்ளைகளில் நாலு பேர் தப்பான இடத்தில் தட்டத்தான் செய்வார்கள். தட்டினாலும் பாட்டு கெடாது.

சரி, குழாயின் உண்மையான பலம் எது? வண்ணம் இல்லை. அது ஒலிக்கும் ஸ்தாயி. எட்டுக் குழாயும் ஒலிப்பது நடு ஸ்தாயியில், பிள்ளைகளின் சொந்தக் குரல் எங்கே இருக்கிறதோ கிட்டத்தட்ட அங்கேயே. பள்ளிகளில் அதிகம் வாங்கப்படும் உலோகப் பட்டை குளோக்கன்ஸ்பீல் இதைவிட இரண்டு ஸ்தாயி மேலே கிணுகிணுக்கும். கேட்க அழகு. ஆனால் அந்த உச்சியில் கேட்டதைத் தன் குரலுக்கு இறக்கிப் பாடுவது பெரியவர்களுக்குச் சுலபம், ஐந்து வயதுக்குச் சுலபமில்லை. குழாயில் அந்தக் கஷ்டம் கிடையாது. கேட்ட உயரத்திலேயே பாடலாம்.

இதனால் ஆசிரியருக்கும் ஒரு நன்மை, அதைவிடப் பெரிய நன்மை. வகுப்புப் பாட்டு கெடுவதற்கு முதல் காரணம் ஆசிரியர் தன் கட்டையில் பாடுவது. ஐந்து கட்டையில், அதாவது சிவப்புக் குழாய்க்குக் கீழே உள்ள ப-வில், பாடிப் பழகிய டீச்சர் ஸ பிடித்தால், சின்னப் பிள்ளைக்கு அது தொண்டைக்குக் கீழே போய்விடும். உறுமும், இல்லையென்றால் பேசும். ஆண் ஆசிரியர் பாடினால் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரைப் போலவே கீழே இறங்கப் பார்ப்பார்கள். சிவப்புக் குழாயைத் தட்டிவிட்டுத் தொடங்கினால் ஸ ஒரு கட்டையில் நிற்கும். ஐந்து கட்டை டீச்சருக்கு அந்த இடம் அவருடைய மத்யமம், முதலில் உறுத்தலாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஸ-விலிருந்து த வரை முழுவதும் எட்டும் தூரம். இன்னும் கொஞ்சம் மேலே, இரண்டு கட்டையில் வைத்தால் அவர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் அந்த மோகனத்துக்குப் பென்டடானிக் செட்டில் இல்லாத இரண்டு குழாய் வேண்டும்: கறுப்புக் கட்டை செட்டிலிருந்து ஒன்று, எட்டுக் குழாய் செட்டின் இளஞ்சிவப்பு ஒன்று.

பெரிய குறை, ஒலி நிற்காது. தட்டியதும் அணைந்துவிடும். தாளத்துக்கு அது நல்லது. சுருதிக்குப் போதாது. தன் குரலை மெல்ல நகர்த்தி நகர்த்திச் சேர்க்கும் பிள்ளைக்கு, சேரும்வரை காத்திருக்கும் ஒலி வேண்டும். அதனால்தான் சுருதிப்பெட்டியை முதலிலேயே சொன்னோம். போனில் சுருதி ஆப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸ எடுபடாது, முப்பது பேர் நடக்கும் அறையில் அடியோடு கேட்காது. ஸ்பீக்கர் இணைத்தால் சரி.

சுருதிப்பெட்டியையும் குழாயையும் சேர்த்து வைத்ததும் நம் ஊரில் ஒரு சிக்கல் வரும். பெட்டியில் ஒரு கட்டை என்று வைத்தாலும் குழாய் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். குழாய் கோளாறு இல்லை, வெயில்தான். குழாயில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று சூடாகும்போது ஒலியின் வேகம் கூடும், ஸ்வரமும் ஏறும். 20 டிகிரியில் சரியாக இருக்கும் குழாய் 35 டிகிரியில் ஏறக்குறைய 40 சென்ட் ஏறிவிடும், அதாவது அரை ஸ்வரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாக் குழாயும் ஒரே அளவு ஏறுவதால் தங்களுக்குள் ஒத்துத்தான் இருக்கும். கீபோர்டு, சுருதிப்பெட்டி, உலோகப் பட்டை எதோடும் சேராது. தீர்வு: சிவப்புக் குழாயைத் தட்டிக்கொண்டே சுருதிப்பெட்டியின் நுண்சுருதிக் குமிழைத் திருப்பி, பெட்டியைக் குழாய்க்குச் சேர்க்கவேண்டும். குழாயைப் பெட்டிக்குச் சேர்க்க வழியில்லை. ஏசி அறையில் ஒத்திகை, வெளியே பந்தலில் ஆண்டு விழா என்றால் மேடையேறும் முன் மறுபடி சேர்க்கவேண்டும். கீபோர்டு வாசிப்பவர் கூட இருந்தால் அவரிடம் டியூனிங் மாற்றும் வசதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகள் கையில் போனதும் ஸ்வரம் தப்பாகக் கேட்கிறதென்றால் பெரும்பாலும் பிடிதான் காரணம். திறந்த வாயின் விளிம்பைப் பிடித்துக் கட்டைவிரலை உள்ளே நீட்டும் பிள்ளைகள் நிறையப் பேர். வாய் பாதி அடைபட்டால் சுருதி இறங்கும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு டேப் சுற்றிவிடலாம். அடுத்தது, குழாயின் நுனியை உள்ளங்கையில் உலக்கை போலக் குத்துவது. அப்போது ஒரு முனை மூடிவிடும். வரும் ஒலி ஒரு ஸ்தாயி கீழே. குழாயின் பக்கவாட்டைத்தான் தட்டவேண்டும். மூன்றாவது, சிமென்ட் தரை. மொசைக்கிலோ பெஞ்சு விளிம்பிலோ ஓங்கி அடித்தால் ‘சடக்’ என்ற சத்தம் ஸ்வரத்தை விழுங்கிவிடும், குழாயும் நசுங்கும். கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டு அதில் தட்டலாம். தொடை இன்னும் நல்லது, வலிக்கும் அளவுக்கு ஒருவரும் அடிக்கமாட்டார்கள். நசுங்கிய குழாயை எதிர்ப்பக்கங்களில் அழுத்தினால் ஓரளவு நிமிரும். ஆழமாக மடிந்த குழாய் பழைய ஒலிக்குத் திரும்பாது.

இனி விளையாட்டு. குழாயை முதல் நாளே கையில் கொடுப்பதுதான் எல்லாரும் செய்வது, கெடுவதும் அங்கேதான். வரிசை இப்படி இருக்கட்டும்: பாட்டை வாயால் கற்றுக்கொள்வது, பிறகு பாடிக்கொண்டே நடப்பது, பிறகு கைதட்டு, கடைசியில் குழாய். நடையும் கைதட்டும் சேர்ந்து வராத பாட்டுக்குக் குழாய் கொடுத்தால் முதலில் நின்றுபோவது குரல்.

தொடங்க எளியது பெயர் கூப்பிடும் விளையாட்டு. அடர்பச்சை (ப), மஞ்சள் (க) இரண்டு குழாய் போதும். வட்டமாக உட்கார்ந்து, டீச்சர் “கண்ணா எங்கே?” என்று ப-க-ப-க என நாலு தட்டில் பாட, அந்தப் பிள்ளை “இங்கே இருக்கேன்” என்று அதே ஸ்வரங்களில் பதில் பாடவேண்டும். ‘இருக்கேன்’ என்பதில் முதல் இரண்டு எழுத்தும் ஒரே தட்டுக்குள் ப-வில் விழும். பிள்ளைகள் அதைக் கேட்காமலேயே சரியாகப் பாடிவிடுவார்கள், பேச்சிலேயே அந்தத் தாளம் இருக்கிறது. குழாய் முதல் சுற்றில் டீச்சர் கையில், இரண்டாவது சுற்றில் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கையில். பதில் சொல்பவர் கையில் கொடுக்கவேண்டாம்: தட்டுவதில் கவனம் போய், பாடவேண்டியதைப் பேசிவிடும். யார் ப-க-வைச் சரியாகப் பிடிக்கிறார்கள், யார் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார்கள் என்பது முப்பது பேர் சேர்ந்து பாடும்போது தெரியாது. இந்த விளையாட்டில் ஒவ்வொருவராகத் தெரிந்துவிடும். தப்பாகப் பாடிய பிள்ளையைத் திருத்தி நிறுத்தாமல், இரண்டு பேர் தாண்டியபின் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம்.

பூப்பறிக்க வருகிறோம் மாதிரி இரண்டு அணி எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடும் ஆட்டங்களுக்குக் குழாய் அருமையாகப் பொருந்தும். முப்பத்தாறு பேர் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று கூட்டம். இரண்டு கூட்டம் ஆடுகிறவர்கள். ஏழெட்டுத் தப்படி இடைவெளியில் நின்று பாடிக்கொண்டே முன்னால் வந்து பின்னால் போகவேண்டும். மூன்றாவது கூட்டம் சுவர் ஓரம் பாயில், ஆளுக்கொரு குழாய். கேள்வி அணி வரும்போது அடிக்கு ஒரு தட்டாக ஸ-வும் ப-வும் மட்டும். பதில் அணியின் வரி முடியும் கடைசித் தட்டில் பன்னிரண்டு குழாயும் ஒன்றாக. இடையில் மௌனம். இந்த மௌனம் முக்கியம்: சிமென்ட் சுவர் அறையில் பன்னிரண்டு குழாய் நிற்காமல் ஒலித்தால் பாடுகிறவர்கள் கத்த ஆரம்பிப்பார்கள், கத்திய குரலில் சுருதி நிற்காது. மூன்று முறை பாடியதும் கூட்டங்கள் இடம் மாறவேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தட்டு. பெரியவர்களுக்கு வசதியான 70, 80 வேகத்தில் வைத்தால் குட்டைக் கால்கள் காத்திருக்க முடியாமல் முந்திவிடும். அதைத் தாளம் வராத பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வது தப்பு.

குலை குலையா முந்திரிக்காயில் வட்டத்தைச் சுற்றி ஓடுகிறவர் துணிக்குப் பதில் குழாயை முதுகுக்குப் பின்னால் வைக்கலாம் என்று ஒரு யோசனை தோன்றும். வேண்டாம். குழாயோடு ஓடும் பிள்ளை அடுத்தவர் தலையில் ஒரு தட்டுத் தட்டாமல் போகாது. துணி துணியாகவே இருக்கட்டும், குழாய் நடுவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒரு குடம் தண்ணி ஊத்தி ஆட்டத்திலும் அப்படித்தான்: இரண்டு பேர் கைகோத்து வளைவு பிடிக்க மற்றவர்கள் அடியில் நுழையும்போது, வளைவுக்குக் குழாய் பிடிப்பது பார்க்க அழகு, கண்ணுக்கு ஆபத்து. ஒன்று, இரண்டு என்று குடத்தின் எண்ணிக்கை ஏற ஏற அதற்கேற்ப ஸ, ரி, க, ப, த என்று ஒரு குழாய் ஏறட்டும். எண்ணும் ஸ்வரமும் சேர்ந்து ஏறுவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

பாட்டின் மெட்டு முழுவதையும் குழாய்களில் பங்கு போட்டுத் தட்டவைக்கலாமா? ஏழெட்டு வயதில் செய்யலாம். அதற்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஒரு ஸ்வரம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும்; மற்ற நேரமெல்லாம் பாட்டு அதன் காதில் விழாது. ஸ-ப நிறுத்தொலி (பாட்டுக்கு அடியில் தொடர்ந்து தட்டும் ஸ-வும் ப-வும்), வரி முடிவில் ஒரு தட்டு, இந்த இரண்டே சின்ன வகுப்புக்கு நிறைய வேலை.

நிறுத்தொலிக்குத்தான் மூடி. குழாயின் ஒரு முனையில் கறுப்பு மூடியை மாட்டினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சிவப்புக்கும் அடர்பச்சைக்கும் மட்டும் மூடி போட்டால் ஸ-வும் ப-வும் பிள்ளைகளின் குரலுக்கு அடியில் போய்விடும், குரலை மறைக்காது. மூடியை நேராக அமுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், திருகி மாட்டவேண்டும். தளர்ந்த மூடி ஆட்டத்தின் நடுவில் பறந்துபோய்ப் பத்து நிமிடம் வகுப்பைக் கலைக்கும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிவப்பில் ‘ஸ’ என்று அழியாத மையில் எழுதிவிடவேண்டாம். குழாயின் நிறம் நிலையான ஸ்வரஸ்தானத்துக்கு உரியது, நம் ஸ எங்கே வேண்டுமானாலும் உட்காரும். அடுத்த ஆண்டு அதே ஆறு குழாயில் ஆரஞ்சை ஸ என்று வைத்துத் தொடங்கினால் ஆரஞ்சு, மஞ்சள், அடர்பச்சை, ஊதா, குட்டைச் சிவப்பு என ஸ ரி ம ப நி வந்து மத்யமாவதி கிடைக்கும். மேல் ஸ இருக்காது, குரலில் பாடிக்கொள்ளலாம். சிவப்புதான் ஸ என்று மனதில் பதிந்த பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். உரித்து எடுக்கும் ஸ்டிக்கர் போதும். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இதில் வராது என்று சங்கீதம் சொல்லித்தருபவர்கள் சொல்லும் குறை உண்மைதான். இது கீர்த்தனைக்கான கருவி இல்லை, நேர் ஸ்வரத்தில் நிற்கும் விளையாட்டுப் பாட்டுக்கானது.

விலை உறுத்தினால் பி.வி.சி. குழாயில் நீங்களே செய்துகொள்ளலாம். உள்விட்டம் சுமார் 3.6 செ.மீ. உள்ள 3 மீட்டர் நீளக் குழாய் ஒன்றில் ஒரு செட் அப்படியே வந்துவிடும். 30 டிகிரி அறைக்கு ஸ 64.6 செ.மீ., ரி 57.3, க 50.8, ப 42.4, த 37.5, மேல் ஸ 31.2. ஒவ்வொன்றையும் ஒரு செ.மீ. கூட விட்டு ஹாக்சா பிளேடால் அறுத்து, டியூனர் ஆப்பில் பார்த்துக்கொண்டே உப்புத்தாளில் தேய்த்து ஸ்வரத்தை மேலே ஏற்றவேண்டும். குட்டைக் குழாயில் ஒரு மில்லிமீட்டர் செய்யும் வித்தியாசம் நீளக் குழாயில் செய்வதைப்போல இரண்டு மடங்கு, அதனால் மேல் ஸ-வில் நிதானம் தேவை. விளிம்பைக் கட்டாயம் மழுங்கத் தேய்க்கவேண்டும். உங்கள் வகுப்பறைச் சூட்டிலேயே அறுப்பதால் சுருதிப்பெட்டியோடும் நன்றாகச் சேரும். இந்த ஒரு விஷயத்தில் வாங்கிய குழாயைவிட இது மேல். மற்றதில் இல்லை: சுவர் தடிமன், எடை அதிகம், நாலு வயதுக் கைக்குப் பாரம், தலையில் பட்டால் வீங்கும். ஆறு வயதுக்கு மேல் ஓடாமல் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய குழாயை வெயில் விழும் ஜன்னலோரத்திலோ காருக்குள்ளோ விடவேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். பெயின்ட் பக்கெட்டில் நிற்கவைத்தால் பிள்ளைகளே எடுத்து வைப்பார்கள். ஒரே ஒரு செட்டுக்குத்தான் பணம் இருக்கிறது, வகுப்பில் நாற்பது பேர் என்றால் குழாயைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் சுருதிப்பெட்டியை வாங்கலாம். அதோடு வாய்ப்பாட்டும் கைதட்டும் ஒரு ஆண்டுக்குத் தாராளமாக ஓடும்.